பாவாயி லாரிக்குக் காத்து புடிச்ச வாரம்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். சங்ககிரியில வாய் இருக்கறவனெல்லாம் இந்தக் கதையை ஒவ்வொரு மாதிரி சொல்லிட்டுத் திரியறான், டீக்கடையில கேட்டா ஒரு மாதிரி, பஸ்ஸ்டாண்டுல கேட்டா இன்னொரு மாதிரி, ஈரோட்டுப் பக்கம் போனா லாரி எந்திரிச்சு ரெண்டு காலுல நடந்துச்சுன்னே சொல்றான், அதெல்லாம் பொய்யி. பாவாயி அக்கா லாரிக்குப் பேயி புடிக்கல, முனி புடிக்கல, காத்துதான் புடிச்சுது. அதைக் கண்டுபுடிச்சது நானு. பட்டறையில கோளாறை எழுதற ஜாப் கார்டுல எழுதுனதும் நானு. எழுதுனதை இவங்க தப்பாப் படிச்சுட்டு ஒரு வாரம் ஊரே தலைகீழா நின்னதுக்கு நான் பொறுப்பில்ல.

டீசல் வண்டிக்குக் காத்து புடிக்கறதுன்னா என்னன்னு தெரியாதவங்க கேட்டுக்கோங்க. டேங்குல இருந்து இஞ்சினுக்குப் போற டீசல்ல ஒரு பொட்டுக் காத்து கலந்தாப் போதும், பிரஷர் எறங்கிரும், மேடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும், அப்புறம் செத்த மாதிரி நின்னுக்கும். அதுக்குத்தான் 'காத்து புடிச்சிருக்கு'ன்னு பேரு. ஆனா எங்க ஊர்ல புள்ளைக்குக் காச்சல் வந்து உளறினாலும் 'காத்து புடிச்சிருக்கு'ம்பாங்க, புதுப்பொண்ணு மாமியாக்காரிய மொறைச்சாலும் 'காத்து புடிச்சிருக்கு'ம்பாங்க. ஒரே வார்த்தைய வெச்சுக்கிட்டு ரெண்டு பொழப்பு நடத்தற ஊரு இது.

திங்கக்கிழமை காலையில அந்தப் பன்னெண்டு சக்கர லாரியை, பவானி ரோட்டுல இருக்கற சென்னியப்பன் மாஸ்டர் பட்டறைக்குக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. ஓனரு பாவாயி அக்கா: சொந்த லாரி, சொந்த லோடு, சொந்த வாய். டிரைவரு குப்புராசு அண்ணன் ஆறடி ஆளு, ஆனா அக்கா முன்னாடி நின்னா அரையடி.

"மேடு வந்தா படுத்துக்குதுங் மாஸ்டரே," அப்படின்னாரு குப்புராசண்ணன். "எறங்கி கை பம்பு அடிச்சா எந்திரிக்குது. ரெண்டு கிலோமீட்டர் போனா மறுக்காப் படுத்துக்குது. எம்மாமனாராட்டம்."

சென்னியப்பன் மாஸ்டர் பேசவே மாட்டாரு. முப்பது வருசமா டீசல் வேலை, ஒரு நாளைக்கு மொத்தமே இருவது வார்த்தை. இஞ்சின் மேல காதை வெச்சாரு, கண்ணை மூடுனாரு, நாங்க அத்தன பேரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னோம், அவரு எந்திரிச்சு கையைத் தொடைச்சுக்கிட்டு, "பம்பு போயிருச்சு," அப்படின்னாரு. இஞ்சினுக்கு டீசல் தள்ற பம்பைத்தான் சொல்றாரு. மூணு வார்த்தைகூட இல்ல. அவரு சொன்னா சொன்னதுதான், சேலம் வரைக்கும் அதுக்கு அப்பீல் கிடையாது.

நான் போட்டேன் அப்பீலு. "பம்பு போகலீங் மாஸ்டரே. டேங்குல இருந்து டீசலை உறிஞ்சற பக்கத்துல எங்கியோ காத்து இழுக்குது."

"டீசல் எங்க ஒழுகுது, காட்டு."

"உறிஞ்சற பக்கம் வெளிய ஒழுகாதுங்க. ஸ்ட்ராவுல ஓட்டை இருந்தா கலர் சோடா உங்க சட்டையிலயா ஒழுகும்? வாய்க்கு வராது, அவ்வளவுதான்."

குப்புராசண்ணன் சிரிச்சுட்டாரு. மாஸ்டர் என்னை ஒரு பார்வை பாத்தாரு, ஏதோ சொல்ல வந்தாரு, தொண்டை ஏறி எறங்குச்சு, முழுங்கிட்டு லேத்துப் பக்கம் போயிட்டாரு.

எனக்கு இதுல என்ன இவ்வளவு வேகம்னு கேக்கலாம். டிப்ளமா ஆட்டோமொபைல் கடைசி வருசம் நானு, மாஸ்டர் பட்டறையில ட்ரெயினிங். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காலேஜுல ஒரு படிவம் குடுக்கணும். அதுல 'கோளாறைக் கண்டுபிடித்தவர்'ங்கற கட்டத்துல எம்பேரை மாஸ்டர் தன் கையால எழுதி, அந்த வண்டி சொந்த இஞ்சின்ல பட்டறையை விட்டுப் போச்சுன்னு கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்கு ஒரு நிமிசம் தாண்டுனாலும் ஒரு வருசம் போச்சு. எச்.ஓ.டி. எனக்கு ஒரு நிமிசம் குடுக்க மாட்டாரு, ஏன்னா போன செமஸ்டர்ல கிளாஸ் நடுவுல அவரு போர்டுல வரைஞ்ச கிளட்ச் தப்புன்னு சொன்னவ நானு. தப்புதான் அது, இன்னிக்கும் தப்புதான். அந்த வாரம் பட்டறையில இருந்த வண்டி இது ஒண்ணுதான். அதனால கோவத்தோட ஜாப் கார்டை எடுத்து, கொட்டை எழுத்துல எழுதுனேன்: 'வண்டிக்குக் காத்து புடிச்சிருக்கு.'

மத்தியானம் பாவாயி அக்கா வந்து அதைப் படிச்சாங்க. ரெண்டு தரம் படிச்சாங்க. செருப்பை மாட்டிட்டுப் போனாங்க.

செவ்வாக்கிழமை காலையில மாரப்பன் பூசாரி வந்து எறங்குனாரு, ஒரு கையில உடுக்கை, ஒரு கையில வேப்பந்தழை, பின்னாடி கோழியோட அக்கா.

"அக்கா, இது அந்தக் காத்து இல்லீங்க்கா," அப்படின்னேன்.

"எந்தக் காத்தா இருந்தா என்ன கண்ணு, வெளிய போனாச் சரி."

பூசாரி லாரியைச் சுத்தி மூணு வட்டம் வந்து, டேங்குப் பக்கத்துல நின்னு, "யாரு நீ? எங்கிருந்து வந்தே?"ன்னு கத்துனாரு. "பாடி கட்டுனது நாமக்கல்லுங்க,"ன்னு குப்புராசண்ணன் பயபக்தியாச் சொன்னாரு. நான் இதுக்கெல்லாம் நேரம் இல்லைன்னு ஸ்பேனரை எடுத்து, உள்ள அடைஞ்ச காத்தை வெளிய எடுக்கறதுக்கு ஃபில்டர் மேல இருக்கற ஏர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணினேன், அண்ணனைக் கை பம்பு அடிக்கச் சொன்னேன், உடுக்கைத் தாளத்துக்கே அவரு அடிச்சாரு, ஸ்க்ரூ ஓரத்துல டீசல் நுரை நுரையா பொங்குச்சு, ஒரு நுரை முட்டை பெருசா ஊதி, புஸ்ஸுன்னு வெடிச்சுது, அதுக்குள்ள இருந்து பூசாரி கொரலு தெளிவா வந்துச்சு:

"பேசாம கோழிப்பண்ணையே வெச்சிருக்கலாம்."

பூசாரி வாய் மூடித்தான் இருந்துச்சு. உடுக்கை நின்னுது. அடுத்த முட்டை வெடிச்சுது. இப்ப குப்புராசண்ணன் கொரலு: "அக்கா, தெனமும் புளிசோத்தையே கட்டிக் குடுக்கறீங்களே, நானென்ன புளியமரமா?"

பாவாயி அக்கா டிரைவரைத் திரும்பிப் பாத்தாங்க. அவரு கை பம்பை விட்டுட்டாரு.

ஒருத்தரும் ஓடல, கத்தல, மயக்கம் போட்டு விழுகல. லேத்துப் பக்கத்துல இருந்து மாஸ்டர் மட்டும், "டீசல்ல காத்து இருந்தாச் சத்தம் வரும்,"னு சொல்லிட்டு அவரு வேலையைப் பாத்தாரு. கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் வெளங்கிருச்சு: அந்த லாரி டேங்குப் பக்கத்துல நின்னு யாரு எந்த வார்த்தையை வாய் வரைக்கும் கொண்டு வந்து முழுங்குனாலும், அது வயித்துக்குப் போகல, டேங்கு மூடியில இருக்கற காத்து ஓட்டை வழியா உள்ள போகுது, ஸ்க்ரூ வழியா வெளிய வருது. பூசாரி கோழியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "இது என் டிப்பார்ட்மெண்ட் இல்ல,"ன்னு போயிட்டாரு. போறப்ப கோழியை ஒரு தினுசா யோசனையோட பாத்துக்கிட்டே போனாரு.

புதன்கிழமை விடியறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. டீக்கடை பெஞ்சு பட்டறைக்குள்ள வந்துருச்சு, பெஞ்சு பின்னாடியே அடுப்பு வந்துச்சு, அடுப்பு பின்னாடியே கடை வந்துச்சு. காலையில பொம்பளைங்க, மத்தியானம் ஆம்பளைங்கன்னு முறை வெச்சாங்க. புருசனைக் கூட்டிட்டு வந்து டேங்குப் பக்கத்துல நிக்க வெச்சு, "நேத்து வெச்ச கொழம்பு எப்படி?"ன்னு கேப்பாங்க, அந்தாளு "அருமை"ம்பாரு, கை பம்பு அடிப்பாங்க, அப்புறம் அந்தாளு பட்டறைக்குப் பின்னாடி வழியா வீட்டுக்குப் போவாரு. கல்யாணத் தரகரு நாலு குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து டேங்குக்கு ரெண்டு பக்கமும் நிறுத்துனாரு, அன்னிக்கு ரெண்டு கல்யாணம் நின்னுச்சு, யாரும் நெனச்சே பாக்காத ஒரு கல்யாணம் முடிவாச்சு. கவுன்சிலரு மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு, "இந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லீங்க,"ன்னு கும்புட்டுட்டுப் போயிட்டாரு.

செவ்வாக்கிழமை லாரி 'சொல்லுச்சு'. புதன்கிழமை மத்தியானம் லாரி 'சொன்னாரு'. வியாழக்கிழமை 'அவரு என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க'ன்னு ஆயிருச்சு. முன்னாடி பம்பருக்கு மால, கண்ணாடிக்குச் சந்தனம். எவனோ சக்கரத்துக்கு அடியில தலைகாணி வெச்சிருந்தான், அவருக்கு அழுத்துமாம்.

என் வார்த்தை ஒண்ணுகூட வரல. அஞ்சு நாளும் அந்த டேங்குல சாஞ்சுக்கிட்டுத்தான் வேலை பாத்தேன், ஒரு முட்டைகூட எங்கொரல்ல வெடிக்கல. டீக்கடைக்காரம்மா அதைக் கவனிச்சுட்டு, "இந்த அம்மிணி எதைத்தான் முழுங்குச்சு, வர்றதுக்கு?"ன்னு கேட்டாங்க. மாஸ்டர் வார்த்தையும் வரல. ஆனா அது வேற சங்கதி. திங்கக்கிழமை அவரு முழுங்குனது இஞ்சின் பக்கத்துல, டேங்குப் பக்கத்துல இல்ல. அதுக்கப்புறம் லாரிக்குப் பத்தடி கிட்ட வர்றதே இல்ல. லேத்துல வேலை, வெல்டிங்ல வேலை, வேலை இல்லைன்னா கூரையில ஏறி ஓடு எண்ணுனாரு.

இத்தனை கூத்துக்கு நடுவுல நான் என் சோதனையை விடல. ஒரு கேன்ல டீசலை ஊத்தி, டேங்குப் பக்கம் போற ரப்பர் ஓஸைக் கழட்டி அந்தக் கேனுக்குள்ள விட்டு, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி முறுக்குனேன். பிரஷர் கேஜ் முள்ளு நட்டு வெச்ச கம்பாட்டம் நின்னுச்சு, ஆடல. பம்பு போயிருந்தா எந்தக் கேன்ல இருந்து குடுத்தாலும் ஆடியிருக்கணுமில்ல? அதோட ஸ்க்ரூவைத் தொறந்தா சுத்தமான டீசல், ஒரு வார்த்தை இல்ல. வரிசையில நின்னவங்க கொந்தளிச்சுட்டாங்க, "ஏம்புள்ள, அவரு வாயை அடைச்சுட்டியா? கேனை எடுறி!" எடுத்துட்டு ஓஸை மறுக்கா டேங்குக்கே மாட்டினேன். அடுத்த நிமிசமே முள்ளு தொங்குச்சு, அவரு பேசுனாரு.

ஆக, குத்தம் டேங்குக்குள்ள. குப்புராசண்ணனைக் கேட்டேன்: "டேங்கு நெரப்பிட்டுக் கிளம்புனதுமே மக்கர் பண்ணுதுங்களா?"

"இல்ல அம்மிணி. பாதி வழி ராசாவாட்டம் போகும். அப்புறந்தான் சீக்கு."

"பாதி வழியா, பாதி டேங்கா?"

அண்ணன் விரலை விட்டு எண்ணிப் பாத்தாரு. பாதி வழின்னா பாதி டேங்குதான! டேங்குக்குள்ள மேல இருந்து தொங்கி அடி வரைக்கும் போய் டீசலை உறிஞ்சற பைப்பு ஒண்ணு இருக்கு. அது நடுவுல கீறல் விட்டிருக்கு. டேங்கு நெறஞ்சிருந்தா கீறல் டீசலுக்குள்ள முழுகிக் கெடக்கும், டீசலைத்தான் உறிஞ்சும். பாதிக்குக் கீழ எறங்குனா கீறல் வெளிய வந்துரும், காத்தை உறிஞ்சும். அவ்வளவுதான் விசயம். டேங்கை எறக்கு, பைப்பை மாத்து, அரை நாள் வேலை.

வெள்ளிக்கிழமை இதைச் சொன்னதும் ஊர் கூடிருச்சு. டேங்கு மேல கை வெச்சா நடக்கறதே வேறன்னாங்க. "பேசற லாரி எந்த ஜில்லாவுல இருக்குது?" "நாமக்கல்லுல இருக்குதா?" "நாமக்கல்லுல எங்க இருக்குது, அவங்க பாடிதான் கட்டுவாங்க!" பாவாயி அக்கா இடுப்புல கை வெச்சுக்கிட்டு, "ஏம்ப்பா, ஜவ்வரிசி லோடு நாலு நாளா குடோன்ல கெடக்குது, ஓடுனாத்தான லாரி?"ன்னு கேட்டாங்க. "ஓடற லாரி ஆயிரம் இருக்குதுக்கா. சங்ககிரியில எவன் வூட்டுல லாரி இல்ல? பேசறது இவரு ஒருத்தருதான்."

"நீங்க பேசுனா அவரு ஏன் பேசணும்?"னு நான் கேட்டேன். "வாய் என்ன வெத்தல போடறதுக்கு மட்டுமா இருக்குது?" என்னை நாலு பொம்பளைங்க சேர்ந்து டீக்கடைப் பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், டேங்கு எறங்கிரும். அவரு கூரை மேல இருந்தாரு.

சனிக்கிழமை காலையில, தெனமும் பண்ற மாதிரி மொத பூசை, மொத பம்பு. அன்னிக்குக் கூட்டம் ரோட்டை அடைச்சு நின்னுச்சு. குப்புராசண்ணன் அடிச்சாரு, ஸ்க்ரூவுல நுரை பொங்குச்சு, மொத முட்டை வெடிச்சுது, தரகரு கொரலு: "யப்பா சாமி, இந்த லாரி எப்பத்தான் போகும்?" ரெண்டாவது முட்டை, புதன்கிழமை புருசனை இழுத்துட்டு வந்த ஒரு பொம்பளை கொரலு: "அந்தக் கொழம்பைப் பத்தி நான் கேட்டே இருக்கக் கூடாது." மூணாவது, நாலாவது, அப்புறம் எண்ணமுடியாத அளவுக்கு, குக்கர் மேல குக்கர் விசில் அடிச்சாப்புல வெடிச்சு வெடிச்சு வந்துச்சு: "நிம்மதியா ஒரு வார்த்தை முழுங்க முடியல." "எம்மாமியா மூணு நாளா நம்ம வூட்ல சாப்புடல." "கழட்டித் தொலைங்கடா அந்த டேங்கை." வெள்ளிக்கிழமை டேங்கைத் தொடக்கூடாதுன்னு கத்துனவங்க கொரலுங்கதான் அத்தனையும்.

ஒருத்தரும் 'அது நாந்தான்'னு சொல்லல. டீக்கடைக்காரம்மாதான் தொண்டையைச் செருமிட்டு, "சரி, அவரே கழட்டச் சொல்லிட்டாரு. பெரியவங்க சொன்னா மீறக்கூடாது,"ன்னாங்க. "ஆமாமா, அவரே சொல்லிட்டாரு," "அவரு வார்த்தையை யாரு தட்டறது,"ன்னு ஆளாளுக்குச் சொல்லிக்கிட்டு, பத்து பேரு சட்டையை மடிச்சு விட்டுட்டு டேங்கை எறக்க வந்துட்டாங்க. இப்படி ஒரு ஊரை நான் பாத்ததே இல்ல, பொறந்ததுல இருந்து இதே ஊர்லதான் இருக்கேன்.

பைப்பை உருவி எடுத்தேன். நடு மத்தியில முடி கனத்துக்கு ஒரு கீறல். அத்தனை பேரும் எட்டிப் பாத்துட்டு, "இதுக்கா?"ன்னாங்க. இதுக்குத்தான். புதுப் பைப்பு போட்டு, டேங்கை ஏத்தி, வேணும்னே பாதிக்குக் கீழ டீசல் விட்டு, குப்புராசண்ணனை எடுக்கச் சொன்னேன். டோல்கேட் மேடு வரைக்கும் போயிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தாரு, முள்ளு ஆடவே இல்லைன்னாரு. மணி நாலு.

படிவத்தை எடுத்துக்கிட்டு மாஸ்டர்கிட்டப் போனேன். அவரு என் கையைப் பாக்கல, படிவத்தைப் பாக்கல, அந்த வாரத்துலயே மொத தடவையா நேரா லாரிகிட்டப் போனாரு. ஸ்பேனரை எடுத்து அவரே ஏர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, அவரே கை பம்பு அடிச்சாரு. நின்னாரு. ஏதோ வரும்னு காத்துக்கிட்டு நின்னாரு. சுத்தமான டீசல் கம்பியாட்டம் அவரு விரல் மேல ஒழுகி மணிக்கட்டு வழியா முழங்கைக்குப் போச்சு, ஒரு முட்டை இல்ல. அப்பத்தான் எனக்கு உரைச்சுது: தான் முழுங்குனதை லாரி சொல்லிரக் கூடாதுன்னு இத்தனை நாளும் தள்ளி நின்ன மனுசன், இப்ப அதை லாரி சொல்லித் தொலைக்கட்டும்னு வந்து நிக்கறாரு, லாரி சொஸ்தமாயிருச்சு.

ஸ்க்ரூவை முடுக்குனாரு. திரும்புனாரு. வாய் தொறந்துச்சு, "உஸ்ஸ்"ஸுன்னு வெறும் காத்து வந்துச்சு. இருமுனாரு. எச்சில் நுரையா ஒரு முட்டை ஒதட்டோரத்துல ஊதி வெடிச்சுது. "ர... ரசம்," அப்படின்னாரு. "எம்பொண்டாட்டி வெக்கற ரசம் நல்லாருக்கும். இருவத்தாறு வருசமா." மறுக்கா இருமுனாரு. "எனக்கு டீசல் வேலை புடிக்காது. போட்டோ ஸ்டுடியோ வெக்கணும்னு இருந்தேன்." அப்புறம் நிக்கல. அடைச்சுக் கெடந்த ஓஸைப் புடுங்குன மாதிரி கக்கிக் கக்கிப் பேசுறாரு, தங்கச்சி கல்யாணத்துல சொல்லாம விட்டது, வீடு கட்டுன ஆசாரிகிட்டச் சொல்லாம விட்டது, "பாவாயி, போன வருசம் உன் லாரியில நான் கழட்டிப் போட்டது நல்ல பம்பு, அதுக்கு ஒரு நோவும் இல்ல,"ன்னு ஒண்ணு.

"என்னது?" அப்படின்னாங்க பாவாயி அக்கா.

"குறுக்க பேசாதீங்க்கா!" நான் கத்துனேன். "காத்து எடுக்கும்போது நடுவுல மூடுனா மொதல்ல இருந்து வரணும்!"

அக்கா வாயை மூடிக்கிட்டாங்க. ஊரே மூடிக்கிச்சு. நானும் மூடிக்கிட்டேன், மணி நாலு இருவது, நாலு இருவத்தஞ்சு, காலேஜுக்கு வண்டியில போனா பத்து நிமிசம், குப்புராசண்ணன் லாரியை ஆஃப் பண்ணாமயே வெச்சிருக்காரு, இந்த மனுசன் எட்டாங்கிளாஸ் வாத்தியாரு அடிச்ச அடிக்குப் பதில் சொல்லிட்டு இருக்காரு. நுரை கொறைஞ்சுது. முட்டை கொறைஞ்சுது. நாலரைக்கு அவரு கொரலு நெளியாம கம்பியாட்டம் வந்துச்சு:

"திங்கக்கிழமை நீ கலர் சோடான்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும், நீ சொன்னதுதான் சரின்னு. பேனா குடு அம்மிணி."

குடுத்தேன். பம்பர் மேல படிவத்தை வெச்சு, கையெழுத்துப் போட்டாரு, தேதி போட்டாரு. 'கோளாறைக் கண்டுபிடித்தவர்' கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்னுச்சு. ஆறு மாசமா அம்மிணின்னும் புள்ளன்னும் கூப்பிட்டவருக்கு எம்பேரு தெரியல. சொன்னேன். ஒவ்வொரு எழுத்தா, பொறுமையா, 'தரணி'ன்னு எழுதி எங்கிட்ட நீட்டுனாரு.

மணி நாலு முப்பத்தாறு. ஊரே என்னைப் பாக்குது. "வாங்கிட்டு ஓடுறி!"ன்னு டீக்கடைக்காரம்மா கத்தறாங்க.

"தப்புங் மாஸ்டரே," அப்படின்னேன். "தாரணி. கால் போடணும்."

என்னையே பாத்தாரு. தொண்டை ஏறி எறங்கப் போச்சு, ஏறல.

"உனக்கு வாய் ரொம்ப ஜாஸ்தி,"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு, கால் போட்டாரு.